டயாலிசிஸ் சென்டர்ல பாக்குற ஒரு ஆன்ட்டி, அவங்களால எனக்கு வந்த தெம்புக்கு எப்படி நன்றி சொல்றது?

ஜெலுத்தோங் பொண்ணு எழுதினது:

வணக்கம் எல்லாருக்கும். இங்க ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, எழுதுனது இல்ல. கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா படிச்சிட்டு சொல்லுங்க.

நாங்க பினாங்கு. எங்கப்பாவுக்கு பல வருசமா இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி), அதுல கிட்னி ரெண்டும் போயி இப்ப வாரத்துக்கு 3 தடவ டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். காலையில முதல் ஷிப்ட். இருட்டோட எழுந்து நான்தான் காடியில (கார்ல) ஏத்திட்டு போயி விடணும், விட்டுட்டு அப்படியே பாயான் லெப்பாஸ்ல வேலைக்கு ஓடணும், முடிஞ்சதும் தம்பி வந்து கூட்டிட்டு போவான். ஆரம்பத்துல எனக்கு எல்லார் மேலயும் எரிச்சலா இருக்கும். அப்பா வாய தொறக்க மாட்டாரு, கேட்டா "என்ன எதுக்கு இழுத்துட்டு அலையுறீங்க"ன்னு ஒரு பேச்சு, அதோட முடிஞ்சிடும்.

அங்க ஒரு ஆன்ட்டி வருவாங்க. ஆயர் ஈத்தாம் பக்கம் பிளாட்டு வீடு, முதல் பஸ் புடிச்சு தனியா வருவாங்க. மெஷின் ரெடியாகுற வரைக்கும் வெளிய நாற்காலியில உக்காந்து பூ கட்டுவாங்க. லெபோ பாசார்ல ஒரு பூக்கடைக்கு கட்டி கொடுக்குறாங்களாம். மடியில ஈரத்துணி, அதுல மல்லி மொட்டு, நூல நாற்காலி கையில மாட்டி ரெண்டு மொட்டு இந்தப்பக்கம் ரெண்டு மொட்டு அந்தப்பக்கம் வச்சு ஒரு சுத்து ஒரு இழுப்பு, கண்ணு பூவையே பாக்காது, பேசிக்கிட்டே முழம் முழமா ஓடும். இடது கையில டயாலிசிஸ் ஊசி போடுறதுக்குன்னு ஆப்ரேஷன் பண்ண பிஸ்டுலா இருக்கு, முழங்கைக்கு கீழ நரம்பு புடைச்சு கயிறு மாதிரி தெரியும், அந்தக் கையில பாரம் தூக்கக் கூடாதுன்னு பூப்பைய எப்பவும் வலது தோள்லதான் மாட்டியிருப்பாங்க. மிஸ்ஸி (நர்ஸ்) பேரு கூப்பிட்டதும் நூல அறுத்து, பூவ டப்பாவுல போட்டு மூடி, எடை மெஷின்ல ஏறி நின்னுட்டு உள்ள போயிடுவாங்க. 4 மணி நேரம் கழிச்சு அந்த டப்பாவோட திரும்ப பஸ் ஏறி கடைக்கு.

ஒரு நாள் அப்பா உள்ள போக மாட்டேன்னு உக்காந்துட்டாரு. நான் கெஞ்சிட்டு இருக்கேன். அந்த ஆன்ட்டி பூ கட்டுறத நிறுத்தாம சொன்னாங்க, "அண்ணே, முதல் கொஞ்ச மாசம் கோவம் வரும். அப்புறம் பாருங்க, கோவப்பட நேரமே இருக்காது. எழுந்திரிங்க, உங்க பெட்டுதான் ஜன்னல் பக்கம்." அவ்வளவுதான். அப்பா எழுந்து போயிட்டாரு. எங்க வீட்ல யாரு சொல்லியும் நடக்காதது.

அதுலேர்ந்து எனக்குள்ள ஏதோ மாறிடுச்சு. காலையில எழுந்துக்கவே இப்ப கஷ்டமா தெரியல. கால் இருக்கு, காடி இருக்கு, அப்பா இருக்காருன்னு மனசு நிறையுது. இத வேலை இடத்துல ஒரு தோழிகிட்ட சொன்னேன். அவ சொல்றா, "அடுத்தவங்க படுற பாட்ட பாத்து நீ மனச தேத்திக்கிற, அது நல்லதில்ல"ன்னு. அதுலேர்ந்து உறுத்தலா இருக்கு. உண்மையில அப்படித்தானா? அந்த ஆன்ட்டிக்கு நன்றின்னு சொல்ல ஆசையா இருக்கு, ஆனா எதுக்கு நன்றின்னு கேட்டா என்ன சொல்றது, "நீங்க கஷ்டப்படுறத பாத்தேன், எனக்கு நல்லா இருக்கு"ன்னா? இந்த மாதிரி அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

--------

செந்தூல்காரன் எழுதினது:

சிஸ், உங்க தோழி சொல்றதுல பாதி உண்மை இருக்கு, ஆனா உங்க விசயத்துல அது பொருந்தாதுன்னு நினைக்கிறேன்.

நான் கோலாலம்பூர், வேலை பிரிக்பீல்ட்ஸ்ல. இங்க 1951-ல ஆரம்பிச்ச பார்வையற்றோர் சங்கம் இருக்கு, அதனால கண்ணு தெரியாதவங்க நிறைய பேரு இந்த வட்டாரத்துலயே வேலை, வீடு, எல்லாம். மசாஜ் சென்டர் நடத்துறவங்க, கடை முன்னால ஐந்தடி நடைபாதையில டிஷ்யூ விக்கிறவங்க, ஆபீஸ் போறவங்க. கே.எல். சென்ட்ரல் ரயில் ஸ்டேஷன்லேர்ந்து வெள்ளக் கம்ப தட்டிக்கிட்டு, கண்ணு தெரியாதவங்களுக்குன்னு நடைபாதையில பதிச்சிருக்கற மஞ்சக் கல்லு வரிசைய புடிச்சு நடந்து போவாங்க. வேலைக்கு சேந்த புதுசுல அவங்கள பாக்கும்போதெல்லாம் "கடவுளே எனக்கு கண்ண கொடுத்தியே"ன்னு வரும். வந்து என்ன ஆச்சு? ஆபீஸ் போயி உக்காந்ததும் மறந்துடும். மறுநாள் திரும்ப வரும், திரும்ப மறந்துடும். ஏன்னா அந்த நன்றியில அவங்க இல்ல, நான் மட்டும்தான் இருக்கேன்.

அப்புறம் எங்க கடை வரிசையில வேலை செய்யுற ஒரு அண்ணன் பழக்கமானாரு, பிறவியிலேர்ந்தே பார்வை இல்ல. அவரு எங்க திரும்பணும்னு எப்படி கண்டுபுடிக்கிறாருன்னு கூடவே நடந்து பாத்தேன். சாப்பாட்டுக் கடை எண்ணெய் வாசம், மோனோரயில் சத்தம் தலைக்கு மேல வர்ற இடம், கால்வாய் மூடி ஆடுற சத்தம், இது எல்லாத்தையும் மனசுல மேப்பு போட்டு வச்சிருக்காரு. எனக்கு கண்ணு இருக்கேன்னு அன்னைக்கு தோணவே இல்ல, இந்த ஆளு எவ்வளவு பெரிய வேலைக்காரன்னுதான் தோணுச்சு. அவரு ஒரு விசயம் சொன்னாரு: ரோடு தாண்ட உதவி பண்றேன்னு கைய புடிச்சு இழுக்காதீங்க, முதல்ல கேளுங்க, அப்புறம் உங்க முழங்கைய கொடுங்க, நாங்க புடிச்சிக்கிட்டு அரை அடி பின்னால வருவோம், நீங்க நின்னா எங்களுக்கு தெரிஞ்சிடும், படி ஏறுனா தெரிஞ்சிடும்னு. இன்னொண்ணு அந்த மஞ்சக் கல்லு மேல மோட்டார் சைக்கிள் நிப்பாட்டுறவங்களப் பத்தி. எத்தன பேரு நிப்பாட்டுறாங்க தெரியுமா, அதுவும் நம்ம ஆளுங்களே, பக்கத்துலதானே ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்துடுறேன்னு. எனக்கு இப்பவும் அத பாத்தா வயிறு எரியுது. கடைக்குள்ள போயி யாரு மோட்டார்னு கேட்டு எடுக்க வச்சிட்டுத்தான் நகருவேன்.

உங்க போஸ்ட்ல அந்த ஆன்ட்டி பூ எப்படி கட்டுறாங்கன்னு ஒரு பத்தி எழுதியிருக்கீங்க பாருங்க. பாவம்னு நினைக்கிறவங்க அந்த அளவுக்கு கவனிக்க மாட்டாங்க. நீங்க அவங்களப் பாத்திருக்கீங்க. உறுத்தலே வேணாம்.

--------

மூணாவது ஷிப்ட் எழுதினது:

தங்கச்சி, நான் பட்டர்வொர்த், நானும் மெஷின்லதான் இருக்கேன், பல வருசமா. அந்த ஆன்ட்டி இடத்துலேர்ந்து ஒரு ஆளு பேசுனா உங்களுக்கு பிரயோஜனமா இருக்கும்னு எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு. எங்கள பாத்து உங்களுக்கு தெம்பு வந்தா எங்களுக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல. எங்களுக்கு வருத்தம் எதுலன்னா, வீட்டுக்கு வந்து "ஐயோ எப்படி இருந்த மனுசன்"னு எங்க முன்னாலயே எங்கள பத்தி இறந்த காலத்துல பேசுறாங்க பாருங்க, அதுல. நான் இருக்கேன்யா. சாயங்காலம் வரைக்கும் கடையில உக்காந்து கணக்கு பாத்துட்டு ராத்திரி ஷிப்ட் மெஷினுக்கு போறேன், மறுநாள் காலையில திரும்ப கடைய தொறக்குறேன்.

வெளிய இருக்கறவங்களுக்கு ஊசிதான் பெருசா தெரியும். ரெண்டு ஊசி, கொஞ்சம் தடிப்பான ஊசிதான், ஆனா அது பழகிடும். பழகாதது தாகம். எனக்கு மூத்திரம் நின்னு போச்சு, அதனால ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணிக்கு மேல கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அந்த அரை லிட்டர்ல தேத்தண்ணி, ரசம், மாத்திரைக்கு குடிக்கிற தண்ணி எல்லாமே அடக்கம். நம்ம ஊரு வெயில்ல யோசிச்சு பாருங்க. அதே நேரத்துல அந்த மெஷின்ல ஒரு தடவைக்கு 120 லிட்டர் கிட்ட சுத்தம் பண்ண தண்ணி ஓடுது. அத பாத்துக்கிட்டே 4 மணி நேரம் படுத்திருப்போம். நான் சின்ன கப்பு ஒண்ணு அளவுக்கு வச்சிருக்கேன், ஐஸ் கட்டி ஒண்ண வாயில போட்டு கரையவிட்டா ஒரு மடக்கு தண்ணிய விட ரொம்ப நேரம் தாங்கும், எலுமிச்சம் சாறு ரெண்டு சொட்டு விட்டு ஐஸ் போட்டா இன்னும் நல்லது. இதெல்லாம் யாரும் புத்தகத்துல சொல்லித் தரல, பக்கத்து பெட்டுல இருந்த ஒரு சீன பாட்டி சொல்லிக் கொடுத்தாங்க. பாதி மலாய் பாதி சைகை. இப்ப அவங்க இல்ல. புதுசா வர்றவங்களுக்கு இப்ப நான் சொல்லிக் கொடுக்குறேன்.

தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் ரோட்டுல எங்க கூட்டாளிங்க வருசா வருசம் தண்ணீர்ப் பந்தல் போடுவாங்க. கிட்னி போறதுக்கு முன்னால சர்பத் கலக்குறது என் வேலை. மெஷின்ல ஏறுன அந்த வருசம் போகவே மனசு இல்ல, குடிக்க முடியாதவன் அங்க போயி என்ன பண்றதுன்னு. பொண்டாட்டிதான் இழுத்துட்டு போனா. காவடி எடுத்துட்டு, பால்குடம் எடுத்துட்டு வெறுங்கால்ல தார் ரோட்டுல வர்றவங்க கப்ப வாங்கி ஒரே மூச்சுல குடிச்சிட்டு ஒரு பார்வை பாப்பாங்க, பேச முடியாது, அவ்வளவு களைப்பு. அவங்க குடிக்கிறத பாக்க பாக்க என் தொண்ட நனைஞ்ச மாதிரி இருந்துச்சு. உண்மையா சொல்றேன். 513 படி ஏறப் போற ஒருத்தன் கையில நான் ஊத்துன தண்ணி. அதுக்கப்புறம் ஒரு வருசம் விட்டதில்ல. ரதம் வர்ற நாள்ல ரோடு அடைச்சிடுவாங்கன்னு முன்கூட்டியே மிஸ்ஸிகிட்ட சொல்லி ஷிப்ட் மாத்திக்குவேன், யாராவது ஒரு மலாய்க்கார அண்ணனோ சீன அங்கிளோ அவங்க நேரத்த விட்டுக் கொடுப்பாங்க, அவங்க பெருநாளுக்கு நான் விட்டுக் கொடுப்பேன்.

எதுக்கு சொல்றேன்னா தங்கச்சி, நாங்களும் மத்தவங்கள பாத்துத்தான் ஓட்டுறோம். அந்த ஆன்ட்டி உங்கப்பாவ எழுப்பி விட்டாங்கல்ல, அன்னைக்கு அவங்களுக்கும் தெம்பு வந்திருக்கும். நன்றி சொல்லணும்னா அத சொல்லுங்க. "அன்னைக்கு எங்கப்பாவ உள்ள போக வச்சீங்க, ரொம்ப நன்றி ஆன்ட்டி". இது போதும். அவங்க செஞ்சதுக்கு நன்றி. அவங்க நோய்க்கு இல்ல.

--------

மிஸ்ஸி வடக்கு எழுதினது:

நான் டயாலிசிஸ் நர்ஸ், எந்த சென்டர்னு சொல்லல. மேல அண்ணன் எழுதுனத படிச்சு கண்ணு கலங்கிடுச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சேத்துக்குறேன், இத யாராவது சொல்லியே ஆகணும்.

தைரியமா இருக்கறவங்கள பாத்து "என்ன மன உறுதி, என்ன தைரியம்"னு எல்லாரும் பாராட்டுவாங்க. பாராட்டிட்டு போயிடுவாங்க. சிரிச்ச முகமா வர்ற நோயாளிதான் திடீர்னு ஒரு நாள் வராம போவாங்க. போன் அடிச்சா "இன்னைக்கு கொஞ்சம் வேலை மிஸ்ஸி"ன்னுவாங்க. வேலை எல்லாம் இல்ல, பஸ்ஸுக்கோ கிராப் டாக்சிக்கோ காசு இல்ல. ஒரு டயாலிசிஸ் விட்டா உடம்புல தண்ணி ஏறும், பொட்டாசியம் ஏறும், மூச்சு வாங்கும், இதயமே நின்னு போகலாம். மூணு நாள் இடைவெளி விழுந்தாலே எங்களுக்கு பயமா இருக்கும். முடிஞ்சு வெளிய வரும்போதும் பலருக்கு பிரஷர் இறங்கி தலை சுத்தும், காலு இழுக்கும். அந்த நேரத்துல பஸ் ஸ்டாப்புல வெயில்ல நிக்கிறது சின்ன விசயம் இல்ல தங்கச்சி. அவங்க பழகிட்டாங்கன்னு நமக்கு தோணும், உடம்பு பழகாது.

அதனால பாருங்க, உங்க காடியில பின் சீட்டு காலியா இருந்தா, தம்பி மத்தியானம் லெபோ பாசார் பக்கம் சுத்திட்டு போக முடிஞ்சா, கேட்டுப் பாருங்க. கேக்கற விதம் முக்கியம். "பாவம் நீங்க பஸ்ல"ன்னு ஆரம்பிக்காதீங்க. "நாங்க அந்த வழியாத்தான் போறோம் ஆன்ட்டி, அப்பாவுக்கு பேச்சுத் துணைக்கு ஆளு இல்ல"ன்னு கேளுங்க. அதுவும் உண்மைதானே.

அவங்க முன்னாடி பெக்டரியில எங்கயாவது வேலை செஞ்சிருந்து பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) கட்டியிருந்தா டயாலிசிஸ் செலவுக்கு அங்க உதவி கிடைக்கலாம், நிறைய பேருக்கு தெரியாமலே கையிலேர்ந்து கட்டிட்டு இருக்காங்க. அது இல்லன்னா அரசாங்க ஆஸ்பத்திரியில மெடிக்கல் சோசியல் ஒர்க்கர் இருப்பாங்க, அவங்கள பாக்கச் சொல்லலாம். இத ஒரு தகவலா பேச்சோட பேச்சா சொல்லுங்க, விசாரணை மாதிரி இல்லாம.

இன்னொரு விசயம், இது எனக்கே ரொம்ப பிடிச்சது. அந்த ஆன்ட்டி கையில இருக்கற பிஸ்டுலா, ரத்தக்குழாய் ரெண்ட ஒண்ணா தைச்சு விடுற அந்த ஆப்ரேஷன், 1966-ல நியூயார்க்ல பிரேசியா, சிமினோன்னு டாக்டருங்க சேந்து எழுதுனது. அதுக்கு முன்னால கைக்கு வெளிய குழாய் தொங்கும், அடிக்கடி அடைச்சிக்கும், கிருமி புடிக்கும். அவங்க பண்ணதாலதான் ஒருத்தங்க டயாலிசிஸ் முடிச்சு கட்டு போட்டு அப்படியே பூ கட்டப் போக முடியுது. புது நோயாளிங்க கைய என் கையால தொட்டு அந்த அதிர்வ காட்டுவேன், உள்ள கிர்ருனு ஓடும். "இது ஓடுற வரைக்கும் நீங்க கவலப்படாதீங்க, தினமும் காலையில தொட்டுப் பாருங்க"ன்னு சொல்வேன்.

--------

பிறை அண்ணன் எழுதினது:

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க. எனக்கு 2021 ஞாபகம் வந்துடுச்சு, அந்த வெள்ளைக்கொடி சமயம். ஊரடங்குல வேலை போயி சாப்பாட்டுக்கு வழியில்லாதவங்க வீட்டு வாசல்ல வெள்ளத் துணி கட்டுங்க, பாக்கறவங்க உதவுவாங்கன்னு நாடு முழுக்க பரவுச்சுல்ல. எங்க பிளாட்டுல ஒரு அக்கா கொடி கட்டியிருந்தாங்க, நாங்க அரிசி, முட்ட, மைலோ எல்லாம் வாங்கிட்டு போனோம். அத வாங்கி, எங்க முன்னாலயே பிரிச்சு, பாதி முட்டைய ஒரு பையில போட்டு "மூணாவது மாடியில ஒரு இந்தோனேசியா பொண்ணு கைக்குழந்தையோட இருக்கு, அது கொடி கட்ட பயப்படுது, நீங்க போற வழியில கொடுத்துடுங்க"ன்னாங்க. நான் உதவி பண்ணப் போனவன், அந்த முட்டப் பைய புடிச்சிக்கிட்டு படியில இறங்கும்போது என்ன சொல்றதுன்னே தெரியல. உங்க தோழி சொன்னது தப்புன்னு சொல்ல வரல, ஆனா அந்த அக்காவ பாத்ததுக்கப்புறம் வீட்ல சோறு மீந்தா எனக்கு மனசு தாங்காது. அது அவங்க போட்ட பழக்கம்.

அந்த ஆன்ட்டிய கூட்டிட்டு போங்க தங்கச்சி. யோசிக்காதீங்க.

--------

ஜெலுத்தோங் பொண்ணு எழுதினது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, வேலை இடத்துல சூராவ்க்கு (தொழுகை அறைக்கு) பின்னால படிக்கட்டுல உக்காந்து ஒவ்வொண்ணா படிச்சேன், அழுதுட்டே படிச்சேன்.

மிஸ்ஸி சொன்ன மாதிரியே கேட்டேன். ஆன்ட்டி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, பூவையே கட்டிட்டு இருந்தாங்க. அப்புறம், "காலையில வேணாம்மா, அந்த முதல் பஸ்ல டிரைவர் எனக்கு பழக்கம், நான் வரலன்னா தேடுவாரு. மத்தியானம் தம்பி வந்தா ஏறிக்கிறேன்"னாங்க. காலையில பஸ், மத்தியானம் எங்க காடி, இப்ப அப்படித்தான் ஓடுது. தம்பி சொல்றான், அப்பாவும் ஆன்ட்டியும் பின்னால உக்காந்து எந்தக் கடையில மல்லி என்ன விலைன்னு பேசிட்டே வர்றாங்களாம். அப்பாவுக்கு மல்லி விலை எதுக்குன்னு தெரியல, ஆனா பேசுறாரு. அண்ணன் சொன்ன மாதிரி அன்னைக்கு அப்பாவ உள்ள போக வச்சதுக்கு நன்றின்னும் சொல்லிட்டேன். "உங்கப்பாவாவது எழுந்து போனாரு, நான் முத தடவ வாசல்லேர்ந்தே திரும்பி வீட்டுக்கு போயிட்டேன்"னு சிரிச்சாங்க. பெர்கேசோ விசயமும் சொன்னேன், சின்ன வயசுல பெக்டரியில வேலை செஞ்சாங்களாம், பேப்பர் தேடிப் பாக்குறேன்னாங்க.

ஒரு கேள்வி மட்டும். ஞாயித்துக்கிழம வீட்டுக்கு சாப்பிட கூப்பிடலாம்னு இருக்கோம். அப்பாவுக்கு சமைக்கிறது தெரியும், ஆனா ஒவ்வொருத்தருக்கும் அளவு வேறயாமே. என்ன செய்யலாம், என்ன கூடாது?

--------

மூணாவது ஷிப்ட் எழுதினது:

ரொம்ப சந்தோசம் தங்கச்சி. அவங்க டயட்டீஷியன் என்ன சொல்லியிருக்காங்கன்னு அவங்ககிட்டயே கேட்டுக்குங்க, அதுதான் சரி. பொதுவா சொல்லணும்னா, காய்கறிய சின்னதா நறுக்கி நிறைய தண்ணியில கொதிக்க வச்சு அந்த தண்ணிய கொட்டிட்டு அப்புறம் தாளிங்க, பொட்டாசியம் குறையும். கீரத் தண்ணி, இளநி, வாழப்பழம், டுரியான் வேணாம். பெலிம்பிங் பழம் (ஸ்டார் புரூட்) ஒரு துண்டு கூட, ஜூசா கூட கண்ணுல காட்டாதீங்க, கிட்னி இல்லாதவங்களுக்கு அது விசம் மாதிரி, வலிப்பு வரைக்கும் கொண்டு போயிடும். உப்பு கம்மியா போட்டு மிளகு, இஞ்சி, பூண்டு தூக்கலா போடுங்க, ருசி வந்துடும். மீன் பொரிச்சா நல்லா சாப்பிடுவாங்க, டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு புரதம் வேணும். கருவாடு வேணாம், உப்பு.

குழம்ப தனியா கிண்ணத்துல வைங்க, சோத்து மேல ஊத்திடாதீங்க, எவ்வளவுன்னு அவங்களே அளந்துக்குவாங்க. தண்ணி கிளாஸ் சின்னதா வைங்க. ஆளுக்கு ரெண்டு ஐஸ் கட்டி.